குறைந்த விலையில் நம்பகமான சார்ஜிங் கேபிள்: எதைப் பார்த்து வாங்குவது?

சேர்வராயன் (கேள்வி)

வணக்கம். வீட்டில் உள்ள சார்ஜிங் கேபிள்களை ஒரேயடியாக மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். வாங்குவதற்கு முன் விவரம் அறிந்தவர்களின் ஆலோசனை வேண்டும்.

என்னிடம் இருப்பது 25 வாட் வேகத்தில் சார்ஜ் ஆகும் சாம்சங் போன். மனைவியுடையது 67 வாட் சார்ஜருடன் வந்த ஷாவ்மி. தங்கையிடம் ஐபோன் 13, அப்பாவிடம் மைக்ரோ யூஎஸ்பி பின் போடும் பழைய போன். அலுவலகத்தில் கொடுத்த மடிக்கணினி 65 வாட் டைப் சி சார்ஜரில் இயங்குகிறது. இவை போக ஒரு ப்ளூடூத் நெக்பேண்டும் ஒரு ட்ரிம்மரும் உள்ளன. இரண்டுக்கும் டைப் சி பின்தான்.

பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு கடையில் "120 வாட், 6 ஆம்பியர்" என்று அச்சிடப்பட்ட, இரு முனையிலும் டைப் சி பின் உள்ள சி டு சி கேபிளை 120 ரூபாய்க்கு வாங்கினேன். அதைச் செருகியதும் என் போனின் திரையில் "சூப்பர் ஃபாஸ்ட் சார்ஜிங்" என்றுதான் வருகிறது. ஆனால் முன்பு போனுடன் வந்த கேபிளைவிட நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது, கேபிளும் கையில் பிடித்தால் தெரியும் அளவுக்குச் சூடாகிறது. மடிக்கணினியில் போட்டால் "மெதுவான சார்ஜர் இணைக்கப்பட்டுள்ளது" என்று எச்சரிக்கை வருகிறது. நெக்பேண்ட் இந்தக் கேபிளில் சார்ஜே ஏறுவதில்லை. பழைய கறுப்புக் கேபிளில் மட்டும் ஏறுகிறது.

எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே வகைக் கேபிளை வாங்க முடியுமா, மேலே அச்சிட்டிருக்கும் வாட் கணக்கை நம்பலாமா, நம்ப முடியாதென்றால் வேறு எதைப் பார்த்து வாங்குவது என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். மொத்தமாக 1,200 ரூபாய்க்குள் முடிக்க விரும்புகிறேன்.

வைகைக்கரை

வணக்கம் ஐயா. மதுரையில் போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கேபிள் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கேபிள் சரியில்லை, சார்ஜ் விட்டு விட்டு ஏறுகிறது என்று எங்களிடம் வருகிறவர்களில் பலருக்குக் கேபிளில் கோளாறே இருப்பதில்லை. சட்டைப்பையிலும் கைப்பையிலும் கிடக்கும் போனின் சார்ஜிங் துளைக்குள் பஞ்சும் தூசியும் சேர்ந்து, ஒவ்வொரு முறை பின்னைச் செருகும்போதும் அடியில் இறுகி, நாளடைவில் ஒரு தக்கை போல ஆகிவிடுகிறது. அதனால் பின் முழுவதும் உள்ளே போகாமல் நூலளவு வெளியே நிற்கும். லேசாக அசைந்தாலே தொடர்பு விட்டுப் போகும். போனை அணைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் பல் குத்தும் மரக்குச்சியால் ஓரங்களை மெல்லச் சுரண்டிப் பாருங்கள். குண்டூசி, ஊக்கு எதையும் உள்ளே விடக்கூடாது. டைப் சி துளையின் நடுவில் ஒரு மெல்லிய நாக்கு இருக்கிறது. இணைப்புப் புள்ளிகள் அனைத்தும் அதில்தான் உள்ளன. அது வளைந்தாலோ கீறல் விழுந்தாலோ போர்டையே மாற்ற வேண்டி வரும்.

சுத்தம் செய்த பிறகும் பின் தளர்வாக இருந்தால் மட்டும் வேறு ஒரு கேபிளைச் செருகிப் பாருங்கள். அதுவும் ஆடினால் போனின் துளை தேய்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். அது ஆடாமல் நின்றால் பழைய கேபிளின் பின்தான் தேய்ந்திருக்கிறது.

அடுத்து, கேபிள் எந்த இடத்தில் சாகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நடுவில் அறுந்த கேபிள்கள் எங்களிடம் குறைவாகவே வருகின்றன. பின்னும் கம்பியும் சேரும் கழுத்தில்தான் பெரும்பாலானவை போகின்றன. படுத்துக்கொண்டே சார்ஜில் போட்டுப் பேசும்போது போனின் அடிப்பாகம் நெஞ்சிலோ தலையணையிலோ அழுந்தி, அந்தக் கழுத்து நாள் முழுக்க மடிந்தே கிடக்கிறது. வாங்கும்போது கழுத்தை இரண்டு விரலால் வளைத்துப் பாருங்கள். பின்னின் உறையிலிருந்து கம்பி வரை ரப்பர் படிப்படியாக மெலிந்து வந்து, சீராக வளைந்தால் நல்லது. உறை முடியும் இடத்திலேயே சட்டென்று ஒடிவது போல மடிந்தால் அந்தக் கேபிள் அதிக நாள் வராது. மேலே துணி நெய்யப்பட்ட கேபிள்கள் உராய்வைத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் கழுத்து சரியில்லாவிட்டால் துணி எந்தப் பாதுகாப்பும் தராது.

விலையைப் பொறுத்தவரை, உத்தரவாதம் தருகிற ஆம்பிரேன், போர்ட்ரானிக்ஸ் போன்ற நிறுவனங்களின் 1 மீட்டர் கேபிள்கள் 150 முதல் 300 ரூபாய்க்குள் கிடைக்கின்றன. ஆங்கர், யூகிரீன் இன்னும் சற்றுக் கூடுதல். ரசீது வாங்கி, அட்டைப் பெட்டியுடன் பத்திரப்படுத்தி வையுங்கள். 6 மாதத்துக்குள் கழுத்து விட்டால் பல நிறுவனங்கள் மாற்றித் தருகின்றன. நல்ல தடிமனான கேபிளாகப் பார்த்து வாங்குங்கள், ஐயா.

ஓம்விதி

வைகைக்கரை அவர்கள் சொன்னவற்றில் கடைசி வரியை மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது. வெளியில் தெரியும் தடிமன் உறையின் தடிமன். மின்சாரம் செல்வது உள்ளே இருக்கும் செம்பில். தடித்த உறைக்குள் முடி போன்ற கம்பியை வைத்து விற்பதுதான் மலிவான கேபிள்களின் வழக்கமான தந்திரம் என்பதால், கையில் பிடித்துப் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது.

செம்பின் பருமனை ஏடபிள்யூஜி என்னும் எண்ணால் குறிக்கிறார்கள். எண் குறையக் குறையக் கம்பி தடிமனாகும். சில கேபிள்களின் உறையில் மிகச் சிறிய எழுத்தில் இரண்டு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். உதாரணமாக 28 என்றும் 24 என்றும் அடுத்தடுத்து இருந்தால், முதல் எண் தரவு செல்லும் ஜோடிக் கம்பிகளையும் இரண்டாவது எண் மின்சாரம் செல்லும் இரண்டு கம்பிகளையும் குறிக்கும். நமக்கு முக்கியம் இரண்டாவது எண்தான்.

அந்த எண்ணால் என்ன வேறுபாடு வருகிறது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். 28 ஏடபிள்யூஜி செம்புக் கம்பிக்கு ஒரு மீட்டருக்கு 0.213 ஓம் மின்தடை உண்டு. மின்சாரம் போகவும் வேண்டும், திரும்பி வரவும் வேண்டும் என்பதால் 1 மீட்டர் கேபிளில் அது 0.426 ஓம் ஆகிறது. 3 ஆம்பியர் சென்றால் 1.28 வோல்ட் கேபிளிலேயே தொலைந்து, கிட்டத்தட்ட 3.8 வாட் வெப்பமாக வெளியேறுகிறது. தங்கள் கையில் தெரிந்த சூடு இதுதான். அதே நீளத்தில் 24 ஏடபிள்யூஜி கம்பி இருந்தால் இழப்பு 0.5 வோல்ட், 22 ஏடபிள்யூஜி என்றால் 0.32 வோல்ட். டைப் சி தரநிலை, கேபிளுக்கு உரிய முழு மின்னோட்டத்தில் போகும் வழியில் 0.5 வோல்ட்டும் திரும்பும் வழியில் 0.25 வோல்ட்டும், ஆக மொத்தம் 0.75 வோல்ட் வரைதான் இழப்பை அனுமதிக்கிறது. இதில் 28 எண் கம்பி தேறாது.

நீளம் இரட்டித்தால் இழப்பும் இரட்டிக்கும். 24 எண் கம்பியில் 1 மீட்டருக்குள் நன்றாக வேலை செய்யும் கேபிள், அதே கம்பியில் 2 மீட்டராகச் செய்யப்பட்டால் 1 வோல்ட்டை இழந்துவிடும். கட்டிலுக்கு எட்ட வேண்டும் என்று 2 மீட்டர் கேபிள் வாங்குகிறவர்கள் உள்ளே மெலிதான கம்பி உள்ள கேபிளை வாங்கவே கூடாது. நீளம் தேவையில்லாத இடத்தில் 1 மீட்டரே போதும். குறைந்த பணத்தில் நல்ல வேகம் வேண்டுமானால் நீளத்தைக் குறைப்பதைவிட எளிய வழி கிடையாது. செம்பு பூசிய அலுமினியக் கம்பியைப் போட்டு விற்பதும் உண்டு. அலுமினியத்தின் மின்தடை செம்பைப் போல ஏறத்தாழ 1.6 மடங்கு என்பதால் எண் சரியாக இருந்தும் இழப்பு கூடும். இதைத் தவிர்க்கத்தான் பெயரும் முகவரியும் உள்ள நிறுவனத்திடம் வாங்கச் சொல்கிறோம்.

திரையில் "சூப்பர் ஃபாஸ்ட் சார்ஜிங்" என்று வந்தும் ஏன் மெதுவாக ஏறுகிறது என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. சார்ஜரும் போனும் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று முதலில் பேசி முடிவு செய்கின்றன. டைப் சி கேபிளில் அதற்கென்று ஒரு தனிக் கம்பி இருக்கிறது. பேச்சு முடிந்தவுடன் அந்த அறிவிப்பு திரையில் வந்துவிடும். அதன் பிறகு மின்னழுத்தம் வழியில் குறைந்து வந்தால் போன் தானாகவே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். அறிவிப்பு மட்டும் அப்படியே இருக்கும்.

மடிக்கணினியின் சிக்கல் வேறு. சாதாரண சி டு சி கேபிள் 3 ஆம்பியர் வரைக்குமானது. 20 வோல்ட்டில் அது 60 வாட். 65 வாட் சார்ஜர் 20 வோல்ட்டில் 3.25 ஆம்பியர் தர வேண்டும். 3 ஆம்பியரைத் தாண்ட வேண்டுமானால், கேபிளின் பின்னுக்குள் இ-மார்க்கர் எனப்படும் ஒரு சிறிய சில்லு இருந்து, "நான் 5 ஆம்பியர் தாங்குவேன்" என்று சார்ஜரிடம் தெரிவிக்க வேண்டும். அந்தச் சில்லு இல்லாவிட்டால், உறையில் 120 வாட் என்று அச்சிட்டிருந்தாலும் நல்ல சார்ஜர் 3 ஆம்பியரைத் தாண்டாது. தங்கள் கேபிளில் சில்லு இல்லை என்பதைத்தான் அந்த எச்சரிக்கை காட்டுகிறது என்று கருதுகிறேன். முன்பு 100 வாட் என்ற பெயரிலும், 2021இல் பவர் டெலிவரி 3.1 என்ற யூஎஸ்பி சார்ஜிங் தரநிலை வெளிவந்த பிறகு 240 வாட் என்ற பெயரிலும் விற்கப்படுபவை 5 ஆம்பியர் கேபிள்கள். தங்கள் மடிக்கணினிக்கு இரண்டில் எது மலிவாகக் கிடைத்தாலும் சரியே. சி டு சியில் 60, 100, 240 என்ற இந்த மூன்று எண்களைத் தவிர 120 வாட், 6 ஆம்பியர் என்றெல்லாம் இருந்தால், அது ஏதோ ஒரு போன் நிறுவனத்தின் தனி முறையைக் குறிக்கிறது, அல்லது விற்பதற்காக எழுதப்பட்டது.

நெய்தல்

நெக்பேண்ட் பற்றி எவரும் சொல்லாததால் எழுதுகிறேன். குறை நெக்பேண்டில்தான் இருக்கிறது, கேபிளில் இல்லை.

சி டு சி இணைப்பில் சார்ஜர் எடுத்த எடுப்பில் மின்சாரத்தை அனுப்பாது. மறுமுனையில் உள்ள சாதனத்தில் 5.1 கிலோஓம் மின்தடை ஒன்று தெரிந்தால்தான், "அங்கே வாங்க ஆள் இருக்கிறது" என்று புரிந்துகொண்டு 5 வோல்ட்டைத் திறந்துவிடும். சில காசுகள்கூடப் பெறாத அந்தச் சிறு பாகத்தை மலிவான நெக்பேண்ட், ட்ரிம்மர், பொம்மை, கைவிளக்கு ஆகியவற்றைச் செய்கிறவர்கள் பல நேரங்களில் விட்டுவிடுகிறார்கள். ஒரு முனை பழைய அகலமான ஏ பின்னாக உள்ள கேபிளில் இந்தக் கேள்வியே எழாது. ஏ துளையில் 5 வோல்ட் எப்போதும் இருக்கும். ஆகவே எத்தனை விலை கொடுத்து சி டு சி கேபிள் வாங்கினாலும் தங்கள் நெக்பேண்ட் அதில் சார்ஜ் ஆகாது. பழைய ஏ வகைச் சார்ஜர் ஒன்றையும் ஏ டு சி கேபிள் ஒன்றையும் இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். ட்ரிம்மருக்கும் அதுவே உதவும்.

ஏ டு சி கேபிள் வாங்கும்போதும் ஓர் எச்சரிக்கை உண்டு. அதன் சி பின்னுக்குள் 56 கிலோஓம் மின்தடை இருக்க வேண்டும் என்பது விதி. அதற்குப் பதிலாக 10 கிலோஓம் வைத்துவிட்டால், எதிரே இருப்பது பழைய கணினியின் யூஎஸ்பி துளையாக இருந்தாலும் அது 3 ஆம்பியர் தரும் என்று போன் தவறாக எடுத்துக்கொண்டு இழுக்கத் தொடங்கும். துளையோ கணினியோ சேதமாகலாம். கூகுள் பொறியாளர் பென்சன் லியூங் 2015இல் இணையத்தில் விற்கப்பட்ட டைப் சி கேபிள்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து, விதிக்கு உட்படாதவற்றைப் பெயர் சொல்லி எழுதினார். 2016 பிப்ரவரியில் கம்பிகளே மாற்றி இணைக்கப்பட்ட ஒரு கேபிளால் அவருடைய குரோம்புக் மடிக்கணினி பழுதானது. அடுத்த மாதமே, விதிக்கு உட்படாத டைப் சி கேபிள்களை விற்கக் கூடாது என்று அமேசான் தடை விதித்தது. ஒரு தனிமனிதர் பொறுமையாகச் செய்த அந்த வேலையால் இன்று நாம் அனைவரும் பயன் பெறுகிறோம் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். பெயர் தெரியாத மிக மலிவான கேபிள்களில் அந்தக் குறை இன்னும் இருக்கக்கூடும் என்பதால், அவற்றைக் கணினியின் துளையில் செருகாமல் இருப்பது நல்லது.

ரிச்சி தெரு வாசி

ஷாவ்மி 67 வாட் பற்றி: அதன் சார்ஜரில் இருப்பது ஏ துளை. பெட்டியில் வந்த ஏ டு சி கேபிள் 6 ஆம்பியருக்கானது. ஏ பின்னுக்குள் வழக்கமான நான்கு தகடுகளைத் தவிர கூடுதலாக ஒரு தகடு தெரியும். அந்த வேகம் அந்த நிறுவனத்தின் சொந்த முறையில் கிடைப்பது. ஓப்போ நிறுவனத்தின் வூக் என்ற வேக சார்ஜிங் முறை 2014இல் வந்தபோதும் அது அந்த நிறுவனத்தின் சொந்த முறைதான். வூக்கில் மின்னழுத்தத்தைக் கூட்டாமல் மின்னோட்டத்தைக் கூட்டியதால் அதற்கென்று தனிக் கேபிள் தேவைப்பட்டது. சாதாரணக் கேபிளைப் போட்டால் போனுக்கு எந்தத் தீங்கும் இல்லை, வேகம் மட்டும் குறையும். எனவே பெட்டியில் வந்த கேபிளை வீட்டிலேயே வைத்துவிட்டு, பயணத்துக்குச் சாதாரணக் கேபிளை எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். அது பழுதானால் மட்டும் அந்த நிறுவனத்தின் கேபிளையே வாங்குவது நல்லது.

ஐபோன் 13க்கு லைட்னிங் பின் வேண்டும். அதில் சி டு லைட்னிங் கேபிளாக, ஆப்பிளின் எம்எஃப்ஐ அனுமதி பெற்றதாக வாங்க வேண்டும். தங்கள் பட்டியலில் இதுவே விலை கூடியதாக இருக்கும். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். அனுமதி இல்லாதவற்றில், "இந்தத் துணைக்கருவி ஆதரிக்கப்படாமல் இருக்கலாம்" என்ற அறிவிப்பு என்றைக்கு வரும் என்று சொல்ல முடியாது. 2023இல் வந்த ஐபோன் 15 முதல் டைப் சி ஆகிவிட்டதால், தங்கை அடுத்த போன் வாங்கும்போது இந்தத் தனிச் செலவு இருக்காது.

சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் நேரில் வாங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. யூஎஸ்பி மீட்டர் என்று சில நூறு ரூபாயில் ஒரு சிறு கருவி கிடைக்கிறது. சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவே செருகினால் எத்தனை வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் போகிறது என்று அதன் திரையில் தெரியும். அந்தச் செலவும் வேண்டாம் என்றால், போனில் பேட்டரிக்குள் செல்லும் மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்பியர் என்ற செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி 30 அல்லது 40 சதவீதத்தில் இருக்கும்போது, அதே சார்ஜரில் பெட்டியில் வந்த கேபிளையும் புதிய கேபிளையும் மாற்றி மாற்றிப் போட்டு ஒப்பிட வேண்டும். 80 சதவீதத்துக்கு மேல் ஒப்பிட்டால் பயனில்லை; அப்போது எந்தக் கேபிளாக இருந்தாலும் போன் வேகத்தைக் குறைத்துவிடும். பழகிய கடைக்காரர்கள் அங்கேயே செருகிப் பார்க்க அனுமதிப்பார்கள். அனுமதிக்காத கடையில் நான் வாங்குவதில்லை.

காந்தப் பின் கேபிள்களைத் தவிர்த்துவிடுங்கள். துளையிலேயே தங்கிவிடும் அந்தச் சிறு முனையின் தகடுகள் வெளியே திறந்து கிடக்கின்றன. இரும்புத் துகள் ஒட்டினாலோ முனை கோணலாக ஒட்டிக்கொண்டாலோ தகடுகள் ஒன்றோடொன்று தொட்டுவிட வாய்ப்புண்டு. யூஎஸ்பி தரநிலையில் அப்படி ஒரு வகையே கிடையாது.

சேர்வராயன்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வைகைக்கரை ஐயா சொன்னபடி அப்பாவின் போனைச் சுத்தம் செய்து பார்த்தேன். அதற்குப் புதிய கேபிள் தேவைப்படவில்லை. இப்போது நான் போட்டிருக்கும் பட்டியல்: எனக்கு 60 வாட் சி டு சி 1 மீட்டரில் ஒன்று, மடிக்கணினிக்கு 100 வாட் 1 மீட்டரில் ஒன்று, நெக்பேண்டுக்கும் ட்ரிம்மருக்கும் பொதுவாக ஏ டு சி ஒன்று, தங்கைக்கு அனுமதி பெற்ற லைட்னிங் ஒன்று. இதில் ஏதேனும் குறைக்கலாமா? கடையில் இரண்டு சிறிய மாற்றிகளையும் காட்டினார்கள். ஒன்று மைக்ரோ யூஎஸ்பி கேபிளின் நுனியில் மாட்டினால் சி பின் ஆகிவிடுகிறது. மற்றொன்று சி கேபிளைப் பழைய ஏ சார்ஜரில் செருக உதவுகிறது. இவற்றை வாங்கலாமா?

ஓம்விதி

பட்டியல் சரியாக இருக்கிறது. குறைக்க வேண்டுமென்றால் 60 வாட் கேபிளை நீக்கிவிட்டு, 100 வாட் கேபிளையே போனுக்கும் பயன்படுத்தலாம். 5 ஆம்பியர் கேபிளில் 25 வாட் போன் தனக்குத் தேவையானதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் சார்ஜ் போட வேண்டி வரும் என்பதால் தனித்தனியாக இருப்பதே வசதி. படங்களைக் கணினிக்கு மாற்றும் பழக்கம் உண்டென்றால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: இந்த விலையில் கிடைக்கும் சார்ஜிங் கேபிள்கள், 100 வாட் உட்பட, பெரும்பாலும் யூஎஸ்பி 2.0 வேகத்தில், அதாவது விநாடிக்கு 480 மெகாபிட் அளவில்தான் தரவை அனுப்பும்.

முதல் மாற்றி தரநிலையில் அனுமதிக்கப்பட்டதுதான். அப்பாவின் மைக்ரோ கேபிளை அவசரத்துக்கு நெக்பேண்டில் போட அது உதவும், தாராளமாக வாங்கலாம். இரண்டாவது, சி துளையை ஏ பின்னாக மாற்றுவது, தரநிலையில் அனுமதிக்கப்படாதது. அதை வைத்து இரண்டு முனையிலும் ஏ பின் உள்ள ஒரு கேபிளைக்கூட உருவாக்கிவிட முடியும். அப்படி இரண்டு மின்மூலங்களை நேருக்கு நேர் இணைத்தால் ஏதாவது ஒன்று சேதமாகலாம். ஏ டு சி கேபிளைத் தாங்கள் எப்படியும் வாங்கப் போவதால் அதற்குத் தேவையும் இல்லை.